கோப்பை வராத சாம்பியன்: 1928 பிஜிஏ போட்டியின் கதை

[திரையில்: பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள், கோல்ஃப் மைதானம், தொப்பி அணிந்த கூட்டம்]

வணக்கம். 1928 அக்டோபர். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தை ஒட்டிய ஃபைவ் ஃபார்ம்ஸ் மைதானம். லியோ டீகல் என்ற 29 வயது ஆட்டக்காரர் பிஜிஏ சாம்பியன்ஷிப்பை வென்றுவிட்டார். தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரர்களுக்கு அதுதான் சொந்தப் போட்டி, பெரிய போட்டி. ஆனால் அவர் கையில் கொடுக்க, அந்தப் போட்டியின் பரிசான வானமேக்கர் கோப்பை இல்லை. முந்தைய சாம்பியன் அதைக் கொண்டு வரவில்லை. எங்கே என்று கேட்டதற்கு, தொலைந்துபோய்விட்டது என்று பதில் வந்தது.

சின்னக் கோப்பையாக இருந்தால் பரவாயில்லை. இதன் உயரம் 28 அங்குலம், எடை 27 பவுண்டு, அதாவது 12 கிலோவுக்கு மேல். இதை எப்படித் தொலைக்க முடியும்? அதற்கு முதலில் தொலைத்தவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

[திரையில்: வால்டர் ஹேகன், பட்டுச் சட்டை, வழித்து வாரிய தலை]

வால்டர் ஹேகன். 1892இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் பிறந்தவர். அப்பா இரும்புப் பட்டறைத் தொழிலாளி. பையன் பக்கத்துக் கிளப்பில் பணக்காரர்களின் கோல்ஃப் பையைத் தூக்கும் கேடியாகத்தான் தொடங்கினான்.

அந்தக் காலத்துத் தொழில்முறை ஆட்டக்காரரின் நிலைமையை இன்றைய கோடீஸ்வர வீரர்களை வைத்து யோசிக்காதீர்கள். அவர் கிளப்பின் சம்பள ஆள். உறுப்பினர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார், மட்டை பழுது பார்ப்பார், கடையைக் கவனிப்பார். பல கிளப்புகளில் முன்வாசல் வழியாக உள்ளே போகக்கூட அவருக்கு அனுமதி கிடையாது. பணத்துக்காக ஆடாத 'அமெச்சூர்' கனவான்களுக்குத்தான் மரியாதை எல்லாம்.

ஹேகன் இதற்குப் பணியவில்லை. 1920இல் பிரிட்டிஷ் ஓபன் ஆட இங்கிலாந்தின் டீல் ஊருக்குப் போனார். உடை மாற்றக் கிளப்ஹவுஸுக்குள் வரக் கூடாது என்றார்கள். சரி என்று ஒரு சொகுசுக் காரை வாடகைக்கு எடுத்து, கிளப்ஹவுஸ் வாசலிலேயே நிறுத்தி, அதற்குள் உடை மாற்றினார். அந்தப் போட்டியில் அவருக்குக் கிடைத்தது 53ஆவது இடம்தான், அது வேறு விஷயம். இரண்டே ஆண்டில், 1922இல், அதே பிரிட்டிஷ் ஓபனை வென்றார்.

அதற்கு முன்பே, 1919இல் அமெரிக்க ஓபனை இரண்டாம் முறை வென்ற கையோடு, கிளப் வேலையை விட்டுவிட்டார். ஊர் ஊராகப் போய்க் காட்சிப் போட்டி ஆடியே பிழைப்பு நடத்த முடியும் என்று நிரூபித்துக் காட்டியவர் அவர்.

[திரையில்: 1916, நியூயார்க்]

இப்போது போட்டியின் கதை. 1916இல் ராட்மன் வானமேக்கர் என்ற பெரும் பல்பொருள் கடை வாரிசு, ஆட்டக்காரர்களை நியூயார்க்கில் ஒரு மதிய விருந்துக்குக் கூப்பிட்டார். உங்களுக்கென்று ஒரு சங்கம் வேண்டும் என்றார். கோல்ஃப் சாமான்கள் விற்கும் வியாபாரக் கணக்கும் அதில் உண்டு, ஒளிக்க வேண்டியதில்லை. அந்த ஏப்ரலில் அமெரிக்க பிஜிஏ சங்கம் உருவானது. அக்டோபரில் முதல் போட்டி. ஜிம் பார்ன்ஸ் ஜெயித்தார், 500 டாலர் பரிசு. அடுத்த இரண்டு ஆண்டும் போரால் போட்டி நடக்கவில்லை. 1919இல் மறுபடி தொடங்கியபோதும் பார்ன்ஸேதான். 1921இல் ஹேகன் அவரை இறுதிப் போட்டியில் தோற்கடித்தார்.

இதில் ஒரு முக்கியமான விஷயம். இன்று நாம் பார்க்கும் பெரிய கோல்ஃப் போட்டிகளில் நான்கு நாள் மொத்த அடிகளைக் கூட்டுவார்கள், குறைவாக அடித்தவர் ஜெயிப்பார். அது ஸ்ட்ரோக் பிளே. அன்றைய பிஜிஏ அப்படி இல்லை. அது மேட்ச் பிளே, ஒருவருக்கு எதிராக ஒருவர். ஒரு குழியைக் குறைந்த அடியில் முடித்தவருக்கு அந்தக் குழி. நீங்கள் நான்கில் முடித்து எதிராளி பத்தில் முடித்தாலும் அவர் இழப்பது ஒரே ஒரு குழிதான். டென்னிஸில் ஒரு கேமை எவ்வளவு கேவலமாக இழந்தாலும் ஒரு கேம்தானே, அது மாதிரி.

ஒரு ஆட்டம் 36 குழி, காலையில் 18, மாலையில் 18. 'ஆறு அண்ட் ஐந்து' என்று ஸ்கோர் போட்டிருந்தால், ஐந்து குழி மிச்சமிருக்கும்போதே ஒருவர் ஆறு குழி முன்னிலை பெற்றுவிட்டார் என்று பொருள். அதற்கு மேல் ஆட வேண்டியதில்லை, கை குலுக்கிவிட்டுக் கிளம்பலாம்.

இந்த முறை ஹேகனுக்காகவே செய்தது போல இருந்தது. அவர் அடிகள் ஒழுங்கானவை அல்ல. பந்து புதருக்குள் போகும், மணல் குழியில் விழும். ஒரு சுற்றில் ஏழு மோசமான அடி வரும் என்று எதிர்பார்த்தே ஆடுவாராம், அதனால் வரும்போது அவருக்குக் கோபம் வராது. அப்புறம் பார்த்தால் காட்டுக்குள்ளிருந்து ஒரு அடி, ஒரு நீளமான புட் (குழியை நோக்கிப் பந்தை உருட்டி விடும் அடி), குழி அவருக்கு. நேராக அடித்து ஒழுங்காக ஆடிய எதிராளி அதைப் பார்த்தே நொந்துபோவார்.

எதிராளியின் மனத்தோடு விளையாடுவதிலும் கெட்டிக்காரர். தொடக்கத்தில் சின்னச் சின்ன புட்களை, "அடிக்க வேண்டாம், உள்ளே போன மாதிரிதான்" என்று விட்டுக்கொடுப்பார். மேட்ச் பிளேயில் அதற்கு விதி இடம் தருகிறது. கடைசியில், ஆட்டம் இறுகும்போது, அதே தூரத்து புட்டுக்கு வாயே திறக்க மாட்டார். நாள் முழுக்க அடித்துப் பழகாத புட்டை, கை நடுங்க, எதிராளி அடித்தாக வேண்டும். விதிப்படி குற்றமில்லை. ஆனால் இதை வெறும் தாராள மனசு என்று நான் நம்பத் தயாராக இல்லை.

[திரையில்: 1923, பெல்ஹாம்]

அவர் தோற்கவே இல்லையா? தோற்றார். 1923இல் நியூயார்க் பக்கம் பெல்ஹாமில், இத்தாலியத் தச்சரின் மகன் ஜீன் சாரசனிடம். 36 குழி முடிந்தும் சமம், 37ஆவதும் சமம். 38ஆவதில் சாரசன் அடித்த பந்து மரங்களுக்கு மேல் இடப்பக்கம் பறந்தது. எல்லைக்கு வெளியே போயிருக்கும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். போய்ப் பார்த்தால் புல்லுக்குள் கிடந்தது. அங்கிருந்து அவர் குழிக்கு இரண்டடி தூரத்தில் கொண்டு வந்து வைத்தார். ஹேகனின் பந்து மணலில் விழுந்தது. அங்கிருந்து அவர் அடித்தது கிட்டத்தட்ட உள்ளேயே போனது, ஆனாலும் போகவில்லை.

அதன் பிறகு 1924, 25, 26, 27 என்று நான்கு ஆண்டும் ஹேகன்தான். ஆண்டுக்கு ஐந்து ஆட்டம், மொத்தம் இருபது ஆட்டம், ஒன்றில்கூடத் தோல்வி இல்லை. நூலிழையில் தப்பியவையும் உண்டு. 1925இல் ஆல் வாட்ரஸை முடிக்க 39 குழி தேவைப்பட்டது, டீகலை முடிக்க 40. அதே டீகலை 1926 இறுதிப் போட்டியில் ஐந்து அண்ட் மூன்று என்று வென்றார்.

1927இல் டல்லாஸில் மாலை வெயில் ஹேகனின் கண்ணைக் கூச வைத்தது. வேடிக்கை பார்த்த 15 வயதுப் பையன் ஒருவன் தன் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தான். பையன் பெயர் பைரன் நெல்சன். பின்னாளில் 1940இலும் 1945இலும் இதே பிஜிஏவை வென்றவர்.

[திரையில்: லியோ டீகல், முழங்கைகளை அகட்டி நிற்கும் படம்]

டீகலுக்குத் திறமை இருந்தது, நரம்பு ஒத்துழைக்கவில்லை. ஆட்டத்தின்போது பதறுவார், துள்ளுவார், ஓடுவார். புட் அடிக்கும்போது கை நடுங்காமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தார். நன்றாகக் குனிந்து, இரண்டு முழங்கைகளையும் சிறகு போல வெளிப்பக்கம் அகட்டி வைத்துக்கொள்வார். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். 'டீகல் பாணி' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது.

1928 பால்டிமோரில் ஹேகன் இன்னும் இரண்டு ஆட்டம் வென்று, தொடர் வெற்றியை 22 ஆக்கினார். காலிறுதியில் எதிரே வந்தவர் டீகல். இந்த முறை இரண்டு அண்ட் ஒன்று, டீகலுக்கு. அரையிறுதியில் சாரசனை ஒன்பது அண்ட் எட்டு என்று நொறுக்கினார். இறுதியில் ஆல் எஸ்பினோசாவை ஆறு அண்ட் ஐந்து. ஒரே வாரத்தில் ஹேகனையும் சாரசனையும் வீட்டுக்கு அனுப்பியவருக்குக் கையில் கோப்பை இல்லை.

ஹேகன் சொன்ன கதை இது. ஒரு வெற்றிக்குப் பிறகு கொண்டாடக் கிளம்பினார், கோப்பையை ஒரு டாக்ஸிக்காரரிடம் கொடுத்து ஹோட்டலில் சேர்க்கச் சொன்னார், அது போய்ச் சேரவே இல்லை. இதற்கு முன் அதிகாரிகள் கேட்டபோது, எப்படியும் நான்தான் ஜெயிக்கப் போகிறேன், எதற்குச் சுமந்து வர வேண்டும் என்று சமாளித்தார். ஒவ்வொரு முறையும் ஜெயித்ததால் பொய் தாங்கியது. டீகல் ஜெயித்ததும் உடைந்தது. சங்கம் வேறு கோப்பை செய்துகொண்டது.

சில ஆண்டுகள் கழித்து, டெட்ராய்ட்டில் ஒரு கட்டடத்தின் நிலவறையில், மேலே எதுவும் எழுதாத ஒரு பெட்டிக்குள் அசல் கோப்பை கிடைத்தது. அந்தக் கட்டடம் எல்.ஏ. யங் நிறுவனத்துடையது. ஹேகன் பெயரில் விற்ற கோல்ஃப் மட்டைகளைத் தயாரித்த நிறுவனம்! டாக்ஸியில் தொலைந்த கோப்பை அவருடைய மட்டைக் கம்பெனிக்கே எப்படிப் போனது? ஹேகனே அங்கே அனுப்பிவிட்டு மறந்திருப்பார் என்பதுதான் எனக்குப் பொருந்தி வருகிறது. டாக்ஸிக் கதை கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

டீகலின் வெற்றி ஒரு நாள் அதிர்ஷ்டமும் இல்லை. 1929இல் லாஸ் ஏஞ்சலஸில் சாரசனையும் ஹேகனையும் மறுபடி வென்று பட்டத்தைத் தக்கவைத்தார்.

1958இல், தொலைக்காட்சிக்கு ஏற்ற மாதிரி, பிஜிஏ ஸ்ட்ரோக் பிளேவுக்கு மாறியது. ஹேகனின் ஐந்து பட்டங்களை ஜாக் நிக்லஸ் 1980இல் எட்டினார். தொடர்ந்து நான்கு ஆண்டு வென்றவர் ஹேகன் ஒருவர்தான்.