பேரைச் சொல்லாதீர்கள், நம்பரைச் சொல்லுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஏழெட்டு வருடம் உழைத்த லேப்டாப் ஒன்று உங்களில் பலர் வீட்டில் இருக்கும். சார்ஜரைப் பிடுங்கினால் பொட்டென்று அணைந்துவிடும். இல்லையென்றால் கீபோர்டில் ஏதோ ஒரு எழுத்து மட்டும் அடிக்காது. மற்றபடி நன்றாகவே ஓடும். "இதுக்கெல்லாம் இப்ப பார்ட்ஸ் வர்றதில்ல, புதுசா ஒண்ணு வாங்கிடுங்க" என்று யாராவது சொல்லியும் இருப்பார்கள். உடனே நம்பிவிடாதீர்கள். பாகம் எங்கேயோ இருக்கத்தான் செய்யும். அதை எப்படிக் கேட்டு வாங்குவது என்பதில்தான் சிக்கல்.

கடையில் போய் நாம் என்ன சொல்கிறோம்? மூடியின் மேல் இருக்கும் கம்பெனி பேரையும் ஒரு மாடல் பேரையும் சொல்லி, "இதுக்கு ஒரு ஸ்க்ரீன் குடுங்க" என்கிறோம். செருப்புக் கடையில் போய், "எங்க முருகனுக்கு ஒரு ஜோடி குடுங்க" என்று கேட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும். கால் என்ன அளவு என்று கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? கம்பெனிக்காரர்கள் ஒரே மாடல் பேரை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று வருடம் ஓட்டுவார்கள். நடுவில் ஸ்க்ரீன் மாறும், ஃபேன் மாறும், சில சமயம் மதர்போர்டே மாறிவிடும். வெளியே ஒட்டியிருக்கும் பேர் அப்படியே இருக்கும்.

அதனால் என்னிடம் யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். பாகத்தைக் கழற்றுங்கள், திருப்புங்கள், அதன் முதுகில் இருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். வீட்டில்கூட என்னைக் கேலி செய்வார்கள், சாப்பாட்டுத் தட்டையும் திருப்பிப் பார்ப்பார் என்று. பார்த்தால் என்ன தப்பு?

இதை எப்போது பேசினாலும் எனக்கு ஒரு அண்ணன் தம்பி ஞாபகம் வருவார்கள். இருவரிடமும் ஒரே லேப்டாப். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே கறுப்பு. தம்பி வாங்கியது மட்டும் ஒரு வருடம் தள்ளி. அண்ணன் ஒருநாள் கீபோர்டின் மேல் பேனா கிடந்ததைக் கவனிக்காமல் மூடியை அழுத்தி மூடிவிட்டார். ஸ்க்ரீன் விரிசல் விட்டு, பாதிக்கு மேல் மை கொட்டியதுபோல் ஆகிவிட்டது. தம்பியின் மெஷினில் மதர்போர்டு போய்விட்டது, ஆனால் ஸ்க்ரீன் பளிச்சென்று இருக்கிறது. அதைக் கழற்றி இதில் மாட்டினால் தீர்ந்தது என்று இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

முதலில் பேட்டரியை எடுத்து வைத்தோம். எதைக் கழற்றுவதாக இருந்தாலும் அதுதான் முதல் வேலை, மறக்காதீர்கள். ஸ்க்ரீனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தை நகத்தால் மெல்ல நெம்பிக்கொண்டே வந்தால் டக் டக்கென்று கழன்று வரும். உள்ளே நாலு ஸ்க்ரூ. அவற்றை எடுத்துவிட்டு ஸ்க்ரீனை முன்பக்கமாகக் கீபோர்டின் மேல் சாய்த்தால் அதன் முதுகு தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அண்ணனுடையதில் கேபிள் செருகும் இடம் அகலம், 40 பின், அதாவது 40 பொடிக் கம்பி முனைகள். தம்பியுடையதில் ஒடுக்கம், 30 பின். ஒன்றின் கேபிள் மற்றதில் நுழையவே நுழையாது.

"அப்ப கேபிளையும் சேர்த்து மாத்திடலாமே?" என்றார் தம்பி. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த 40 பின் ஸ்க்ரீன் எல்.வி.டி.எஸ். என்கிற பழைய வகை. 30 பின் அதற்கப்புறம் வந்த இ.டி.பி. வகை. மதர்போர்டிலிருந்து படம் வருகிற முறையே இரண்டிலும் வேறு. அண்ணனின் மதர்போர்டுக்குப் பழைய முறைதான் தெரியும். கேபிளை மாற்றி என்ன பிரயோஜனம்? ஆனால் 40 பின் என்றாலே பழைய வகை என்றும் நினைத்துவிடாதீர்கள், புது வகையிலும் 40 பின் உண்டு. பின்னை எண்ணினால் மட்டும் போதாது. நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேனே, ஸ்டிக்கர், அதைப் படிக்க வேண்டும்.

உடைந்த ஸ்க்ரீனின் ஸ்டிக்கரைப் படித்தோம். பார்கோடு பக்கத்தில், எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நம்பர், பொடி எழுத்தில். நடுவில் 156 என்று இருந்தது, அதாவது 15.6 அங்குலம். அந்த நம்பரைச் சொல்லித் தேடியபோது ஒரு ஸ்க்ரீன் கிடைத்தது. எதிலிருந்து கழற்றியது தெரியுமா? முற்றிலும் வேறு கம்பெனி லேப்டாப்பிலிருந்து. லேப்டாப் விற்கிற கம்பெனிகள் பெரும்பாலும் ஸ்க்ரீனைத் தாங்களே செய்வதில்லை. எல்.ஜி. டிஸ்ப்ளே, இன்னோலக்ஸ், பி.ஓ.இ. மாதிரி ஆட்களிடம் வாங்கிப் பொருத்துகிறார்கள். ஒரே ஸ்க்ரீன் நாலு கம்பெனி மூடிக்குள் இருக்கும். மாட்டினோம், படம் வந்துவிட்டது. கூடப்பிறந்த லேப்டாப் கைவிட்டது, யாரோ ஊர் பேர் தெரியாதது கைகொடுத்தது.

தம்பிக்குத்தான் மனசு ஆறவில்லை. தன்னுடையதில் எதுவுமே அண்ணனுக்கு உதவாதா என்றார். ஹார்ட் டிஸ்க் உதவியது. அது மட்டும் கொஞ்சம் சாது. சாட்டா என்கிற இணைப்பு வகையில் 2.5 அங்குல டிஸ்க் என்றால் கம்பெனி வித்தியாசம் பார்க்காமல் உட்காரும். கனத்தை மட்டும் கவனியுங்கள், 9.5 மில்லிமீட்டர் உண்டு, 7 மில்லிமீட்டர் உண்டு. ஒல்லியான லேப்டாப்பில் தடித்தது போகாது. லேப்டாப் ஊர்கிறது என்பதுதான் உங்கள் குறை என்றால், மற்றதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் இந்த இடத்தில் ஒரு சாட்டா எஸ்.எஸ்.டி.யைப் போடுங்கள், அதாவது உள்ளே சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்கை. இதைவிடப் பலன் தரும் செலவு பழைய லேப்டாப்பில் கிடையாது.

அடுத்து ராம், அதாவது மெமரி பட்டை. டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 என்று வகைகள் உண்டு. பட்டையின் விளிம்பில் இருக்கும் வெட்டு இரண்டிலும் வேறு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் இடத்தில் இன்னொன்று இறங்காது. இறங்கவில்லையென்றால் அழுத்தாதீர்கள். ஏமாற்றுவது டி.டி.ஆர்.3-க்கு உள்ளேயே இருக்கிறது. சாதா டி.டி.ஆர்.3-க்கு 1.5 வோல்ட், டி.டி.ஆர்.3 எல் என்பதற்கு 1.35 வோல்ட். வெட்டு ஒரே இடம், இரண்டும் ஜம்மென்று உட்காரும். ஆனால் 1.35 மட்டுமே கொடுக்கிற மெஷினில் சாதா ராமைப் போட்டால் ஆன் ஆகாமல் படுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு எல் எழுத்து. எங்கே இருக்கும்? ஸ்டிக்கரில்தான்.

சார்ஜர். இதில் எழுதியிருக்கும் வோல்ட் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். 19, 19.5 என்கிற சின்ன வித்தியாசத்துக்குப் பயப்பட வேண்டாம். ஆம்பியரும் வாட்டும் பழைய அளவாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு 90 வாட் சார்ஜர் போடலாம், லேப்டாப் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும். 90 வாட் கேட்பதற்கு 65 வாட் சார்ஜரைப் போட்டால் சார்ஜர் கொதிக்கும். சில மெஷின்களில் பிளக்கின் நடுவே ஊசி மாதிரி ஒரு பின் இருக்கும். சார்ஜர் யார் என்று லேப்டாப் அதன் வழியாகத்தான் விசாரிக்கும். பதில் சரியாக வரவில்லையென்றால் லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது. பேட்டரி போய்விட்டது என்று புதிதாக வாங்கியவர்களை எனக்குத் தெரியும். பாவம், போனது பிளக்.

பேட்டரி பற்றித்தான் நிறையச் சொல்ல வைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கையைக் காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். 10.8, 11.1 வோல்ட் இரண்டும் ஒரே குடும்பம், ஒன்றுக்கு ஒன்று போடலாம். 14.4, 14.8 வேறு குடும்பம், கலக்காதீர்கள். "ஒரிஜினல், சீல்கூடப் பிரிக்கல" என்று யாராவது நீட்டினால் தயாரித்த தேதியைக் கேளுங்கள். லித்தியம் பேட்டரி பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் வயதாகும்.

கீபோர்டு, ஃபேன், வைஃபை கார்டு, இதற்கெல்லாம் இன்று நேரம் இல்லை. கழற்றாமலே நம்பர் வேண்டுமென்றால், பல கம்பெனிகள் சர்வீஸ் மேனுவலை இலவசமாகவே போட்டு வைத்திருக்கின்றன. லெனோவோ எஃப்.ஆர்.யு. நம்பர் என்று சொல்லும், ஹெச்.பி. ஸ்பேர் பார்ட் நம்பர் என்று சொல்லும், அதைத் தேடுங்கள்.

இது ஒன்றை மட்டும் சொல்லாமல் போகமாட்டேன். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தாலோ, அடிமூடி புடைத்தாலோ, உள்ளே பேட்டரி ஊதியிருக்கக்கூடும். சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்துங்கள். குத்தாதீர்கள், அழுத்தி மூடாதீர்கள், குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன்னால் அதன் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், புதிது வாங்க அந்த நம்பர் வேண்டும். வணக்கம்.