உருளைக்கிழங்கு முகம்

வணக்கம் நேயர்களே. மழை நாளில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில், அடுப்பைச் சுற்றிக் குந்தி கதை கேட்டவர்களுக்கு நான் சொல்லப்போகும் கைப்பொம்மைக் கூத்து புதிதல்ல.

எங்கள் அம்மாயி ஓர் உருளைக்கிழங்கைக் குடைந்து சுட்டுவிரலில் மாட்டுவார். தாத்தாவின் கிழிந்த சட்டைக் கை அதற்கு உடுப்பு. கட்டைவிரல் ஒரு கை, நடுவிரல் இன்னொரு கை, இரண்டு மிளகு கண்கள். அந்தப் பொம்மை மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து மலையேறும். கோப்பித் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து நம்மவர் வந்த காலத்துக் கதை. வழியில் காய்ச்சலில் விழுந்தவரை அது திரும்பிப் பார்த்தால், நாங்களும் திரும்பிப் பார்ப்போம். நாலைந்து நாளில் கிழங்கு சுருங்கிவிடும். "நடந்து நடந்து ஆளுக்கு வயசாயிருச்சு பாரு" என்பார் அம்மாயி.

மலையேறியதோடு கதை நிற்காது. துண்டை மாற்றிப் போர்த்தினால் அதே கிழங்கு, பலாக்காய் கொண்டுவரும் கிராமத்துச் சிங்கள அக்காவாகும். இன்னொரு துண்டில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவாகும். ஒருநாள் அந்த நானாவே வாசலில் நின்று கேட்டுவிட்டார். "நான் எங்க அப்பிடிப் பேசுறேன்?" என்று பொம்மையை வாங்கித் தன் விரலில் மாட்டி, தன் வாப்பா துணி மூட்டையைத் தலையில் சுமந்து தோட்டம் தோட்டமாக ஏறியதைச் சொன்னார். அம்மாயி வாயைத் திறக்கவில்லை. மறுநாள் முதல் அம்மாயியின் கதையில் அந்த மூட்டையும் வந்தது. இதைத்தான் நான் போகுமிடமெல்லாம் சொல்கிறேன்: அடுத்தவர் கதையை ஆடிக் காட்டினால், அவரே வந்து திருத்துவார்.

மலேசியாவின் பினாங்கில் பொதேஹி என்றொரு கைப்பொம்மைக் கூத்து இருக்கிறது. துணிப்பைப் பொம்மை என்பதே அதன் பொருள். சீனாவின் ஃபூஜியானிலிருந்து போனவர்கள் கொண்டுபோனது; கோயில் திருவிழாக்களில் ஹொக்கியன் மொழியில் ஆடுவது. இப்போது அங்குள்ள இளைஞர்கள் சிலர் அதே பொம்மைகளைக் கொண்டு, பல இனத்தார் கூடி வாழும் தங்கள் ஊரின் கதையை ஆடுகிறார்கள். கேள்விப்பட்டதும் அம்மாயிதான் நினைவுக்கு வந்தார்.

நம் இலங்கையின் நூல்பாவைக் கூத்து 2018இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. பெருமைதான். ஆனால் அதற்கு மேடை வேண்டும். கைப்பொம்மைக்கு வாசற்படி போதும். கூத்து நமக்குப் புதிதா? காமன் கூத்தில் மன்மதனை எரித்து எழுப்புகிற மலையகத்தார் நாம். 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரை எல்லோருக்கும் தெரியும். அங்கே குழி வெட்டியவர்களுக்கு ஒரு கிழங்கு முகமாவது கொடுக்கக் கூடாதா?

நேரம் முடிகிறதென்று ஒலிபரப்புக் கூடத்துக் கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். செய்முறையைச் சுருக்கிச் சொல்கிறேன். கிழங்கு அழுகும், கடதாசிக் கூழில் தலை செய்யுங்கள். கழுத்துத் துளை பிள்ளையின் சுட்டுவிரலுக்கு இறுக்கமாக இருக்கட்டும். முதல் கதையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள். வணக்கம்.