‘அடி இறங்குது’ என்றால் எத்தனை செண்டிமீட்டர்?

அவையிலுள்ள செவிலியர்களுக்கும் மாணவிகளுக்கும் வணக்கம்.

சென்னையில் எந்தப் புறநோயாளிப் பிரிவிலும் ஒரு பெண் ‘இடுப்புக்குழி உறுப்பு இறக்கம்’ (கருப்பை, சிறுநீர்ப்பை போன்றவை யோனிக்குள்ளோ வெளியிலோ இறங்குவது) என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. இடுப்பு வலி, வெள்ளைப்படுதல் என்று எதையாவது சொல்வார். துணைக்கு வந்த மருமகள் மாத்திரை வாங்கப் போன பிறகுதான் குரலைத் தாழ்த்தி, “அடி இறங்குது சிஸ்டர்” என்பார். ஆகவே நாமே கேட்க வேண்டும்: “கீழே உருண்டையா ஏதாவது தட்டுப்படுதாம்மா? ஒண்ணுக்குப் போக அதை விரலால மேலே தள்ள வேண்டியிருக்கா?” இரண்டாம் கேள்விக்கான விடையைத் தாமாகச் சொல்பவர்கள் அரிது. எத்தனை சுகப்பிரசவம், நாள்பட்ட இருமலோ மலச்சிக்கலோ உண்டா, லாரித் தண்ணீரைக் குடங்குடமாக மாடிக்கு ஏற்றுபவரா என்பதையும் அப்போதே விசாரித்துவிடலாம்.

சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, சம்மதம் பெற்று, திரையை இழுத்துவிட்டுத்தான் பரிசோதனை. சும்மா படுக்கவைத்துப் பார்த்துவிட்டு ‘இறக்கம் இல்லை’ என்று எழுதுவதே நான் அதிகம் காணும் பிழை. மூச்சை அடக்கி நன்றாக முக்கச் சொல்ல வேண்டும். அவர் சொல்லும் அளவுக்கு வெளியே வராவிட்டால் நிற்கவைத்தும் பார்க்க வேண்டும், ஏனெனில் நாள் முழுக்க வேலை செய்த பின் மாலையில் இறங்குவது, காலைப் பரிசோதனையில் உள்ளே ஒளிந்திருக்கும். யோனியை விரித்துப் பார்க்கும் கருவியான சிம்ஸ் ஸ்பெகுலத்தால் யோனியின் பின்சுவரை விலக்கினால் முன்சுவரின் இறக்கம் தெளிவாகத் தெரியும். பிறகு முன்சுவரைத் தாங்கிப் பின்சுவரைப் பார்க்கலாம்.

இறக்கத்தைச் செ.மீ.யில் அளக்க 1996இல் வெளியான பிஓபி-க்யூ (POP-Q) முறையில், யோனி வாயிலில் உள்ள ஹைமன் வளையமே பூஜ்யம். (கன்னித்திரை என்று எழுத எனக்கு மனம் வருவதில்லை, மூன்று பிள்ளை பெற்றவரிடமும் அதன் எச்சம் அங்கேதான் இருக்கிறது.) அதற்கு மேலே மைனஸ், வெளியே பிளஸ். முக்கும்போது மிகவும் இறங்கிய புள்ளி வளையத்துக்கு 1 செ.மீ.க்கும் அதிகமாக மேலேயே நின்றுவிட்டால் நிலை 1. மைனஸ் 1 முதல் பிளஸ் 1 வரை நிலை 2. அதையும் தாண்டினால் நிலை 3. யோனியின் முழு நீளத்தில் 2 செ.மீ.க்கு மேல் மிச்சமில்லாமல் வெளியே பிதுங்கியிருந்தால் நிலை 4. இறக்கத்தைத் தரம் பிரிக்கும் இன்னொரு முறையான பேடன்–வாக்கரிலோ எல்லைகள் வேறு. வளையம் வரை வந்தாலே அங்கே தரம் 2 ஆகிவிடும். எனவே கேஸ் ஷீட்டில் வெறுமனே ‘3’ என்று எழுதினால், அடுத்த ஷிஃப்டில் வருபவர் எதை நினைத்துக்கொள்வார்? “முன்சுவர் பிளஸ் 2, மல்லாந்த நிலையில், முக்கச் சொன்னபோது, பிஓபி-க்யூ நிலை 3” என்று எழுதுங்கள். வெளியே வந்த பகுதியில் புண்ணோ இரத்தக்கசிவோ இருந்தாலும், சிறுநீர் அடைத்துக்கொண்டாலும், எண்ணுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவரை அழையுங்கள்.