திரும்பி வரத்தானே போகிறோம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நம் மலேசியாவின் சுங்கை சிப்புட் மக்களே, வணக்கம்.

பணி ஓய்வுக்குப் பிறகு நிறைவு தருவது இருந்த இடத்தில் இருப்பதா, போய்வருவதா? இதுதான் இன்றைய தலைப்பு. போய்வருவதே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன், வருடத்தில் பாதி நாள் வீட்டைப் பூட்டிவிட்டு அலைகிறவர்களுக்கு ஊரும் இல்லை உறவும் இல்லை என்றார். பிள்ளை வீட்டுக்குப் போனால் சம்பளமில்லாத ஆயா வேலைதான் என்றார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று பழமொழியும் சொல்லி முடித்தார். அவர் சொன்ன அந்த அலைகிறவர்கள் யாரோ அல்ல. நானும் என் வீட்டுக்காரரும்தான்.

2016-இல் தமிழ்ப்பள்ளி ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். அவர் செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். வருடத்தில் ஒரு தடவை மெல்பர்னில் இருக்கும் மகளிடம் போகிறோம். ஜொகூர் பாருவில் இருக்கும் மகனிடம் நினைத்தபோதெல்லாம். மார்கழி, தை இரண்டு மாதமும் திருச்சியில் ஒரு சின்ன வாடகை வீடு. இதற்கு நடுவில் பணமும் முட்டியும் ஒத்துழைத்தால் ஒரு நெடும்பயணம்: ஒரு வருடம் காசி, ஒரு வருடம் அங்கோர் வாட். மீதி நாளெல்லாம் இதே ஊரில், இதே தாமான் குடியிருப்பில்.

நடுவர் அவர்களே, இருந்த இடத்தில் இருப்பதுதான் நிம்மதி என்று சொல்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நம் ஜனங்களுக்கு இருந்த இடம் என்று ஒன்று எப்போது இருந்தது?

என் தாத்தா திருச்சி மாவட்டத்து முசிறிப் பக்கத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்தார். நாகப்பட்டினத்தில் ஏறி, ஒரு வாரம் தளத்தில் படுத்துக்கிடந்து, பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரஜாக் தீவில் தனிமைப்படுத்தி வைத்த பிறகு தோட்டத்துக்கு அனுப்பினார்கள். நாலு வருடத்தில் திரும்பிவிடுகிறேன் என்று அவருடைய அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தவர். திரும்பவே இல்லை. 1948-இல் இதே சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று துரைமார்கள் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்களால் கொல்லப்பட்டு அவசரகாலம் வந்தது. அது 1960 வரை நீண்டது. தொழிலாளர் வீடுகளான லயத்தைச் சுற்றி முள்வேலி, ஊரடங்கு, வாசலில் சோதனை. பக்கத்துத் தோட்டத்தில் சாவு என்றால்கூடப் போய்வர அனுமதி கேட்க வேண்டியிருந்ததாக என் அப்பா சொல்லுவார்.

அப்பாவுக்கு ஓய்வு வந்தபோது நடந்ததையும் சொல்கிறேன். தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. முப்பத்தெட்டு வருடம் விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்ற மனிதர், ஐம்பத்தைந்து வயதில் ஒரு லாரி வாடகைக்குப் பிடித்து, கட்டிலையும் சாமி படங்களையும் ஏற்றிக்கொண்டு இறங்கினார். அவருடைய தலைமுறைக்கு ஓய்வு என்ற சொல்லுக்கு அர்த்தமே வீட்டைக் காலி செய்வதுதான்.

என் அத்தை கதை இன்னும் கொடுமை. மாமாவுக்குச் சிவப்பு அடையாள அட்டை. 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று கெடுபிடி வந்தது. பெர்மிட் கிடைக்காத ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறின. பினாங்குத் துறைமுகத்தில் அத்தை என் தலையைத் தடவிவிட்டு ஏறினார். எனக்குப் பதினான்கு வயது. அத்தை பிறந்தது இந்த ஊர். அந்த நாட்டை அவர் அதற்கு முன் கண்ணால் பார்த்தது கிடையாது.

நம் வீடுகளில் பயணம் என்றால் இப்படித்தான் இருந்தது. ஒரு வழிப் பயணம், யாரோ முடிவு செய்த பயணம். எங்கள் குடும்பத்தில் தானாக ஆசைப்பட்டு, இருவழிச் சீட்டு வாங்கி, திரும்பி வந்து சொந்த வீட்டுக் கதவைத் திறந்த முதல் ஆட்கள் நாங்கள் இரண்டு பேர். இதை அலைச்சல் என்று சொன்னால் எனக்கு வலிக்கிறது, அண்ணா.

சரி, திருச்சிக்கு வருகிறேன்.

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு இதை மனப்பாடம் செய்வித்தேன். மார்கழியும் தையும் முன்பனி என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்புவேன். ஒரு பிள்ளை, "டீச்சர், பனி எப்படி இருக்கும்?" என்று கேட்கும். நமக்குத் தெரிந்தது வெயில், மழை, மறுபடி மழை. எனக்கும் தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, ஐஸ் மாதிரி என்று ஏதோ சொல்லி வைப்பேன்.

ஓய்வு பெற்ற அடுத்த வருடம் திருச்சியில் அந்த முதல் மார்கழி. விடியற்காலை ஐந்தரை மணி. காவிரிப் பாலத்தில் எதிரே வரும் ஆள் தெரியவில்லை. புல்லில் கால் வைத்தால் ஈரம், மழை பெய்யாத ஈரம். வாசல்தோறும் கோலம், கோலத்தின் நடுவில் சாண உருண்டை, அதன் மேல் பூசணிப்பூ. கோயில் ஒலிபெருக்கியில் பாசுரம். என் வீட்டுக்காரர் தலையில் மப்ளர் கட்டிக்கொண்டு நின்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. முன்பனி என்று நான் சொல்லிக்கொடுத்த சொல்லுக்குள் இவ்வளவு இருந்திருக்கிறது. அறுபது வயதுக்கு மேல் எனக்கு ஒரு பருவமே புதிதாகக் கிடைத்தது. கோலாலம்பூரிலிருந்து நாலு மணி நேரம் பறந்தால் கிடைக்கிற ஒன்றை, வயதாகிவிட்டது என்பதற்காக வேண்டாம் என்று சொல்லவா?

இப்போது மெல்பர்ன். சம்பளமில்லாத ஆயா என்றார் எதிரணி அண்ணன். பேரனைக் குளிப்பாட்டுகிறேன், சோறு ஊட்டுகிறேன், உண்மைதான். மலேசியக் கடவுச்சீட்டுக்கு ஆஸ்திரேலியாவில் மின் அனுமதி எடுத்தால் ஒரு தடவைக்கு மூன்று மாதம் வரை தங்கலாம். அந்தக் கெடு எங்களுக்கு நல்லதாகவே அமைந்துவிட்டது. போகிற நாளும் வருகிற நாளும் தெரிந்திருப்பதால் மகளும் பாட்டியை நம்பி வேலை நேரத்தை மாற்றிக்கொள்வதில்லை. நானும் அவள் சமையலறை அடுக்கை மாற்றி வைப்பதில்லை. மூன்று நாள் விருந்துப் பழமொழி பக்கத்து ஊர்ச் சம்பந்தி வீட்டுக்குச் சரி. எட்டு மணி நேரம் பறந்து போகிற பாட்டியின் முகம் பேரனுக்குப் பழகவே முதல் மூன்று நாள் ஆகிவிடும். நாலாவது நாள்தான் அவன் என் மடியில் உட்கார்ந்து "பாட்டி, கதை" என்கிறான். தொலைபேசித் திரையில் எத்தனை மாதம் பார்த்தாலும் அந்த நாலாவது நாள் வராது.

அங்கே கறிவேப்பிலையை உள்ளே விடமாட்டார்கள். கொண்டுபோகும் மசாலாத் தூளையும் அறிவிப்பு அட்டையில் எழுதிக் காட்ட வேண்டும். மகள் ஒரு தொட்டியில் கறிவேப்பிலைச் செடி வளர்க்கிறாள். ஜூன், ஜூலைக் குளிரில் இலையெல்லாம் கொட்டிக் குச்சியாக நிற்கும். "செத்துப்போச்சும்மா" என்று முதல் வருடம் அழுதாள். தண்ணீரைக் குறை, வீட்டுக்குள் சன்னல் ஓரம் வை, துளிர்க்கும் என்றேன். துளிர்த்தது. அம்மா பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டிய விஷயங்கள் இப்படிச் சின்னதாகத்தான் இருக்கின்றன.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். எனக்கு ஓய்வூதியம் வருகிறது. அவருடைய சேமநிதியை ஐம்பத்தைந்தில் மொத்தமாக எடுக்கவில்லை. நூறு வயது வரை அங்கேயே விட்டு வைத்தாலும் இலாப ஈவு கிடைக்கும். அந்த ஈவைத்தான் பயணத்துக்கு எடுக்கிறோம், முதலைத் தொடுவதில்லை. அறுபது தாண்டியவர்களுக்குக் கடவுச்சீட்டுக் கட்டணம்கூட 200 மலேசிய வெள்ளியிலிருந்து 100 வெள்ளியாகக் குறைகிறது. வசதிக்குள் அடங்குகிற பயணம் போதும். ஜொகூர் பாரு பஸ்ஸும் பயணம்தான்.

ஊர் இல்லை, உறவு இல்லை என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. தைப்பூசத்துக்கு நாங்கள் ஈப்போ கல்லுமலையில் இருப்பதில்லை. கிளம்பும் நாளில் அந்த வருத்தம் வரும். அதைவிடப் பெரிய குறை ஒன்று. ஒரு வருடம் நாங்கள் திருச்சியில் இருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா தவறிவிட்டார். இருபது வருடப் பழக்கம். கடைசி முகம் பார்க்கவில்லை. காரியத்துக்கு வந்து சேர்ந்தோம், அவ்வளவுதான். அந்தக் கடன் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் நடுவர் அவர்களே, உறவு ஒரே ஊரில் இல்லையே! இங்கே ஒரு சாவுக்கு நான் இல்லை என்றால், அங்கே ஒரு உயிரைப் பார்க்கப் போயிருந்தேன்.

ஆமாம், அத்தையைத்தான் சொல்கிறேன்.

அந்த முதல் மார்கழியில் முசிறிக்குப் பக்கத்துக் கிராமத்தில் விசாரித்து விசாரித்துப் போனோம். "மலேயாக்காரம்மா வீடா?" என்று கேட்டு வழி காட்டினார்கள். நாற்பத்தேழு வருடம் அங்கே வாழ்ந்தும் ஊருக்கு அவர் மலேயாக்காரம்மாதான். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் பெயரைச் சொன்னதும் எழுந்து, அதே கையால் அதே தலையைத் தடவினார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, "பாசார்ல இன்னும் கச்சாங் பூத்தே விக்கிறாங்களா?" சந்தையில் விற்கும் வறுத்த கடலையைத்தான் கேட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பயணத்திலும் பெட்டியில் இரண்டு கிலோ கச்சாங் பூத்தே போகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் போகமுடியாமல் இருந்தபோது, சாவதற்குள் வந்துவிடு என்று போனில் சொன்னார். போனோம். இருந்தார்.

அத்தைக்கு இப்போது எண்பது கடந்துவிட்டது, பல் இல்லை. கடலையை உரலில் இடித்துச் சாப்பிடுகிறார். வருகிற மார்கழிக்கும் சீட்டுப் போட்டாயிற்று. வீட்டுச் சாவியை எதிர்வீட்டுச் சீன அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். மாசி பிறந்ததும் வந்து வாங்கிக்கொள்வேன்.

நன்றி, வணக்கம்.