சேலஞ்சரும் எங்கள் ஸ்டாண்டர்ட் சிக்ஸும்

வணக்கம் நேயர்களே. விண்வெளியைப் பற்றிப் பேச உங்களை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று வீட்டில் சிரிக்கிறார்கள். சாட்ஸ்வொர்த்தில் ஸ்டாண்டர்ட் சிக்ஸ் பிள்ளைகளுக்கு சயன்ஸ் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவன் நான், அவ்வளவுதான். ஆனால் 1986 ஜனவரி 28 பற்றி யாராவது வாயெடுத்தால் எனக்குப் பேச்சு நிற்காது, ஏனென்றால் அன்றைக்கு சேலஞ்சர் விண்கலம் வானத்திலேயே சிதறி இறந்துபோன ஏழு பேரில் ஒருவர் பள்ளிக்கூட டீச்சர்.

கிறிஸ்டா மெக்காலிஃப், 37 வயது, இரண்டு பிள்ளைகளின் தாய், நியூ ஹாம்ப்ஷயரில் கான்கார்ட் என்ற ஊரில் பாடம் நடத்தியவர். டீச்சர் ஒருவரை விண்வெளிக்கு அனுப்பப் போகிறோம் என்று நாசா அறிவித்ததும் 11,000 பேருக்கு மேல் மனுப் போட்டார்கள். மேலே போய் அங்கிருந்தே பாடம் நடத்துவதாக ஏற்பாடு. எங்கள் ஸ்டாஃப் ரூமில் அப்போது சம்பளத்துக்கு அடுத்தபடியாக அதுதான் பேச்சு. இந்த உத்தியோகத்துக்கு இப்படியும் ஒரு மரியாதை உண்டா என்று எங்களுக்கு ஒரே பெருமை, அமெரிக்க டீச்சராக இருந்தால் என்ன, டீச்சர்தானே!

கலம் கிளம்பியபோது இங்கே டர்பனில் மாலை 6.38. நான் பார்த்தது அப்புறம், ராத்திரிச் செய்தியில், ஆயாவும் பிள்ளைகளும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க. வெள்ளைப் புகை நேர்கோடாக ஏறியது, 73 விநாடியில் பொங்கி உருண்டை ஆனது, அதிலிருந்து இரண்டு கொம்பு முளைத்து ஆளுக்கொரு திசையில் போயின. ஆயா, "இன்னும் மேலேதானே போகுது?" என்று கேட்டார். கேட்டதில் தப்பே இல்லை, கலத்தை மேலே தள்ளுகிற பூஸ்டர் ராக்கெட்டுகள் இரண்டும் கலத்தை விட்டுப் பிரிந்த பிறகும் தனியாக எரிந்து பறந்துகொண்டுதான் இருந்தன. அங்கே நேரில் நின்று பார்த்தவர்களில் பலருக்குமே உடனே விளங்கவில்லை. அந்தக் கூட்டத்தில் மெக்காலிஃபின் அப்பா அம்மாவும் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள், கேமரா அவர்கள் முகத்தை விட்டு நகரவே இல்லை. அதை மட்டும் காட்டியிருக்க வேண்டாம் என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது.

மறுநாள் ஸ்கூல் முழுக்க ஒரே வார்த்தை, விதி. பிள்ளைகள் வீட்டில் கேட்டுவிட்டு வந்து சொன்னார்கள், வாத்தியார்களும் சொன்னார்கள். சரி, துக்க வீட்டில் வேறு என்னதான் சொல்வது? ஆனால் சில வாரத்திலேயே விசாரணைச் செய்தி வர ஆரம்பித்தது, அதைப் படிக்கப் படிக்க எனக்கு அந்த வார்த்தையே கசந்துபோயிற்று.

பூஸ்டர் ராக்கெட் என்பது துண்டு துண்டாகச் செய்து பிறகு இணைக்கிற ஒன்று. இணைப்பு வழியாக உள்ளேயிருக்கும் நெருப்பு கசியாதபடி ரப்பர் வளையங்கள் போடுகிறார்கள். ஃப்ளோரிடாவில் முந்தைய ராத்திரி தண்ணீர் உறைகிற குளிர், ஏவுதளத்தில் பனிக்குச்சி தொங்கியது. வளையம் விறைத்துப் போனது, வலது பூஸ்டரின் ஓர் இணைப்பில் கிளம்பிய நொடியிலேயே கரும்புகை வந்தது. இதெல்லாம் யாருக்கும் தெரியாமலா இருந்தது? பூஸ்டர் செய்த தயோகால் கம்பெனியின் பொறியாளர்கள், ரோஜர் பாய்ஷோலி போன்றவர்கள், முந்தைய ராத்திரியே போனில் மணிக்கணக்காக வாதாடியிருக்கிறார்கள், 12 டிகிரிக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று. அவர்களுடைய மேலதிகாரிகளும் முதலில் ஒத்துக்கொண்டு, நாசா நெருக்கியதும் பேச்சை மாற்றிக்கொண்டார்கள். இதைப் போய் விதி என்றால் எப்படி?

பிப்ரவரியில் விசாரணைக் குழுவின் முன்னால், அந்தக் குழுவிலேயே இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் அந்த ரப்பரில் ஒரு துண்டைக் கிளாம்ப்பில் நெருக்கி ஐஸ் தண்ணீரில் போட்டுக் காட்டினார், எடுத்து விட்டதும் ரப்பர் உடனே நிமிரவில்லை. இதை வகுப்பில் செய்து காட்டாமல் எனக்கு எப்படித் தூக்கம் வரும்? ரப்பர் பேண்டு இதற்கு உதவாது, அது ஐஸிலும் துள்ளும். பையன் ஒருவனின் அப்பா மெரிபேங்க் பக்கம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் ஃபிட்டர், அங்கே கழித்துப் போட்ட கறுப்பு வளையம் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். சோடா விற்கிற அண்ணனிடம் ஐஸ் வாங்கி, ஜாம் பாட்டிலில் போட்டு, எல்லாரும் மேசையைச் சுற்றி நின்றோம். கிளாம்ப்பைக் கழற்றினேன். நெருக்கிய இடம் பள்ளமாகவே இருந்தது, பிறகு மெதுவாக, சோம்பேறி மாதிரி எழுந்தது. ஒரு பிள்ளை கேட்டது, "இதை முன்னாடியே போட்டுப் பார்த்திருக்கலாமே சார்?"

ஏழு பேரில் ரொனால்ட் மெக்நேரையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கறுப்பினத்தவர், எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கிய இயற்பியலாளர், சாக்ஸஃபோன் வாசிப்பார். தென் கரோலினாவில் 9 வயதுப் பையனாக அவர் புத்தகம் எடுக்கப் போன நூலகத்தில் வெள்ளையருக்குத்தான் கொடுப்போம் என்றார்கள். பையன் நகரவில்லை, போலீஸைக் கூப்பிட்டார்கள், கடைசியில் புத்தகம் கொடுத்தார்கள். 1986-ல் இங்கே தென் ஆப்பிரிக்காவில் இன்னும் எந்த இனத்தாருக்கு எது என்று கடற்கரைக்குக் கடற்கரை பலகை நட்டிருந்த காலம், பொது இடங்களை இனவாரியாகப் பிரித்த 1953-ஆம் வருடச் சட்டம் உயிரோடு இருந்தது. இந்தக் கதையைச் சொன்ன அன்று என் வகுப்பில் சத்தமே இல்லை, அதற்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

பதினேழு வருஷம் கழித்து, 2003 பிப்ரவரி 1, சனிக்கிழமை சாயங்காலம். உலகக் கோப்பை கிரிக்கெட் நம் நாட்டில் தொடங்க ஒரு வாரம்தான் இருந்தது, ஊரெல்லாம் அதே பேச்சு, அதற்கு நடுவில் கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்பும் வழியில் சிதறிய செய்தி. கல்பனா சாவ்லா அதில் இருந்ததால் நம் வீடுகளில் அது சொந்தத்தில் விழுந்த சாவு மாதிரி ஆகிவிட்டது. அன்றிரவே அந்த ஃபிட்டரின் மகன் போன் செய்தான், இப்போது அவனும் எஞ்சினியர். "சார், மறுபடியும் ரப்பரா?"

இந்தத் தடவை நுரை. ஏவிய 82-ஆவது விநாடியில் எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு கிலோகூட எடையில்லாத நுரைத்துண்டு பிய்ந்து இடது இறக்கையில் அடித்து ஓட்டை போட்டிருக்கிறது. கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே, இறக்கையைப் படம் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டார்கள். நாசாவின் மேலதிகாரிகள் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். ஆகஸ்டில் வந்த விசாரணை அறிக்கை, விபத்துக்கு நுரை எவ்வளவு காரணமோ அவ்வளவு நாசாவின் நிர்வாகப் பழக்கமும் காரணம் என்று எழுதியது. பையன் அதைப் படித்துவிட்டுத் திரும்பவும் கூப்பிட்டான். "கேட்டவங்களை உட்கார வெச்சிருக்காங்க சார்," என்றான், "எங்க ஆபீஸ் மாதிரியேதான்."