எழுத்தாளர் நேர்காணல்: ஒலிப்பதிவு முடிந்த பிறகு தொடங்கும் வேலை

[திரையில்: ‘பாரிஸ் ரிவ்யூ’, 1953]

ஓர் எழுத்தாளரின் நீண்ட நேர்காணலை வாசிக்கும்போது, இருவரும் ஒரே மூச்சில் பேசி முடித்ததுபோல் தோன்றும். நல்ல நேர்காணல்கள் பெரும்பாலும் பல அமர்வுகளில் பேசி, வெட்டி, வரிசை மாற்றி, எழுத்தாளரும் திருத்திக் கொடுத்த பிறகே அச்சுக்குப் போகின்றன. 1953இல் ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டரோடு தொடங்கிய, ‘பாரிஸ் ரிவ்யூ’ இலக்கிய இதழின் நேர்காணல் வரிசை இந்த முறைக்குப் பேர்போனது. ஆரம்பத்தில் பேட்டி எடுத்தவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவி இல்லை. இரண்டு பேராகப் போவார்கள், இருவரும் வேகவேகமாகக் குறிப்பெடுப்பார்கள், பிறகு இரண்டையும் ஒப்பிட்டுப் பதிலை உறுதி செய்வார்கள்.

[திரையில்: கேள்வித் தாள்]

முதலில் கேள்விகள். எழுத்தாளரின் புத்தகங்களை வெளிவந்த வரிசையில் படியுங்கள். அவருடைய பழைய நேர்காணல்களையும் தேடிப் படியுங்கள். ஏற்கெனவே பலமுறை சொன்ன பதிலை மீண்டும் வாங்கி வருவதில் யாருக்கும் பயனில்லை. ஐம்பது கேள்வி எழுதி, இருபதாகக் குறையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்க எண் குறித்து வையுங்கள். “எழுதும் உந்துதல் எங்கிருந்து வந்தது?” என்றால் மனப்பாடமான பதில்தான் வரும். “மூன்றாம் அத்தியாயம்வரை தாய் கதை சொல்கிறாள், நான்காவதில் மகன் சொல்கிறான், ஏன் மாற்றினீர்கள்?” என்று கேட்டால் அவர் யோசித்தாக வேண்டும்.

அதே இதழில் 1958இல் வெளிவந்த, அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வேயின் நேர்காணலைப் பாருங்கள். எவ்வளவு திருத்தி எழுதுவீர்கள் என்று இதழின் ஆசிரியர் ஜார்ஜ் பிளிம்ப்டன் கேட்கிறார். ‘எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்’ நாவலின் கடைசிப் பக்கத்தை 39 முறை மாற்றி எழுதியதாகப் பதில் வருகிறது. பிளிம்ப்டன் அதோடு விடவில்லை. அங்கே என்ன சிக்கல் என்று தொடர்ந்து கேட்கிறார். சொற்களைச் சரியாக அமைப்பதுதான் சிக்கல் என்கிறார் ஹெமிங்வே. இன்றும் மேற்கோள் காட்டப்படுவது அந்த இரண்டாவது பதில்தான். பின்னாளில், 2012இல் வந்த அந்த நாவலின் பதிப்பு 47 முடிவுகளை அச்சிட்டது. எழுத்தாளர் எண்ணிக்கையைத் தவறாக நினைவு வைத்திருக்கலாம். ஆண்டு, பதிப்பு, எண் எதுவானாலும் தனியாகச் சரிபாருங்கள்.

நடப்பு விவகாரங்களைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் “செயற்கை நுண்ணறிவு பற்றி என்ன நினைக்கிறீர்கள்?” என்று பொதுவாகக் கேட்டால் செய்தித்தாளில் வந்ததே திரும்பி வரும். அவருடைய மேசையோடு சேர்த்துக் கேளுங்கள்: மொழிபெயர்ப்பில், தரவு தேடுவதில், பிழை திருத்துவதில் எதற்கு அதைப் பயன்படுத்துகிறார், எதற்குப் பயன்படுத்த மாட்டார்?

[திரையில்: மேசை, இரண்டு பதிவுக் கருவிகள்]

பதிவுக்கு இரண்டு கருவி வையுங்கள். ஒன்று கைப்பேசி என்றால் விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அழைப்பு வந்து பதிவு நின்றுபோகும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வேண்டாம். ஓர் அமர்வு 90 நிமிடத்தைத் தாண்டினால் பதில்கள் சுருங்கத் தொடங்கும். இன்னொரு நாள் வாருங்கள். இடைப்பட்ட நாட்களில் முதல் பதிவைக் கேட்டால், எங்கே தொடர்ந்து கேட்காமல் விட்டோம் என்பது தெரியும்.

[திரையில்: ஒரே வாக்கியம், மூன்று வடிவங்கள்]

ஒரு மணி நேரப் பேச்சைக் கையால் எழுதி எடுக்க நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். தானியங்கி மென்பொருளில் கொடுத்தாலும் ஊர்ப்பெயர், ஆட்பெயர், வட்டார வழக்கு மூன்றையும் வரி வரியாகக் கேட்டுத் திருத்தியாக வேண்டும்.

அடுத்தது தமிழுக்கே உரிய சிக்கல். எழுத்தாளர் பேசியது இது: “அது வந்து... இந்தக் கதைய அவ சொன்னாத்தான் சரியா வரும்னு தோணுச்சு.” இதை “இக்கதையை அப்பெண்ணே எடுத்துரைத்தால்தான் பொருத்தமாக அமையும் எனக் கருதினேன்” என்று மாற்றினால் ஆள் காணாமல் போய்விடுகிறார். “இந்தக் கதையை அவள் சொன்னால்தான் சரியாக வரும் என்று தோன்றியது” என்பது போதும். விகுதிகளை மட்டும் எழுத்து வழக்குக்குக் கொண்டுவாருங்கள். அவர் தேர்ந்த சொற்களையும் வாக்கிய வரிசையையும் தொடாதீர்கள். “வந்து”, “பார்த்தீங்கன்னா” போன்றவற்றை நீக்கலாம். பாட்டி சொன்னதையோ சந்தையில் கேட்டதையோ அவர் எடுத்துச் சொன்னால், அந்தப் பேச்சுமொழி அப்படியே நிற்கட்டும்.

பிறகு பிரதியை எழுத்தாளருக்கு அனுப்புங்கள். ஒரு வாரம், பத்து நாள் என்று கெடு வையுங்கள். பதிலை அவர் விரித்தும் சுருக்கியும் தெளிவாக்கலாம். கேள்வியை மாற்றக்கூடாது. இந்த எல்லையை முதல் சந்திப்பிலேயே பேசிவிடுங்கள். கடைசி நேரத்தில் சொன்னால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

முன்குறிப்பில் எத்தனை அமர்வு, எந்த மாதம், எந்தப் பதில் மின்னஞ்சலில் வந்தது என்பதையெல்லாம் எழுதுங்கள். கேட்டவருக்கும் எழுத்தாளருக்கும் உள்ள உறவையும் மறைக்க வேண்டாம். 2015இல் இத்தாலிய நாவலாசிரியர் எலெனா ஃபெரான்டேயை ‘பாரிஸ் ரிவ்யூ’வுக்காகப் பேட்டி கண்டவர்கள் அவருடைய இத்தாலியப் பதிப்பாளர்களே. இதழ் அதை வெளிப்படையாகவே அச்சிட்டது.