ஆச்சியின் தேங்காய் எண்ணெய் டப்பா

நேயர்களுக்கு வணக்கம். பங்குனி வெயிலில் அம்பாசமுத்திரம் பக்கமிருந்து ஓர் ஆச்சி மூன்று வயதுப் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். "ஐயா, ஒன்றுக்குப் போகும்போது நுனித்தோல் பலூன் மாதிரி உப்புகிறது. இன்றைக்கே வெட்டிவிடுங்கள்" என்றார். பையில் ஒரு தேங்காய் எண்ணெய் டப்பா. தினமும் குளிப்பாட்டும்போது எண்ணெய் தடவித் தோலைப் பின்னுக்கு இழுக்கிறாராம். பிள்ளை வீறிடுகிறானாம்.

அந்த இழுப்புதான் வினை. பிறக்கும்போது நுனித்தோல் மொட்டோடு ஒட்டியிருப்பது இயற்கை. வளர வளரத் தானே பிரியும். சிலருக்குப் பத்து வயதைத் தாண்டும். வலிந்து இழுத்தால் தோல் கிழிந்து, ஆறுகிற இடத்தில் தழும்பு விழுந்து, உண்மையாகவே இறுகிவிடும். நான் எழுதிக் கொடுத்தது ஒரு ஸ்டீராய்டு களிம்பு. இறுகிய விளிம்பில் மட்டும், மெல்லியதாக, காலையும் இரவும், 4 முதல் 8 வாரம். பெரும்பாலான பையன்களுக்கு இதுவே போதும். "இந்தத் துளிக் களிம்புக்கா இரண்டு பஸ் மாறி வந்தேன்?" என்றார் ஆச்சி. தோல் வெளுத்துத் தடித்திருந்தால் கதை வேறு. சுன்னத் சடங்கைப் பற்றியும் நான் இங்கே பேசவில்லை.

வெட்டாமல் சரிசெய்யக்கூடிய இன்னொன்று, சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் எதிர்த்தேறி சிறுநீரகத்துக்குப் போவது. முன்பெல்லாம் வயிற்றைத் திறந்துதான் சரிசெய்தோம். 1984இல் டப்ளினில் ஓ'டானல், பிரேம் பூரி என்ற இரு மருத்துவர்கள், சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய குழாயைவிட்டு, சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் பைக்குள் திறக்கும் வாயின் அடியில் ஊசி போட்டுக் காட்டினார்கள். நம் வாய்க்கால் மடையில் மண் அணைப்பது போலத்தான்: அடியில் மேடு எழும்பினால் வாய் ஒடுங்கும். இன்று அதற்குப் பாதுகாப்பான பசைகள் இருக்கின்றன. குழந்தை அன்று மாலையே வீட்டுக்குப் போகலாம். சிறுநீர் லேசாக மட்டும் எதிர்த்தேறினால் அந்த ஊசியும் பெரும்பாலும் வேண்டியதில்லை, வளர்ச்சியில் சரியாகிவிடும்.

ஆனால் பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து காலை எட்டு மணி முதல் மாலை நான்கு வரை அடக்கி வைத்துச் சிறுநீர்த் தொல்லை வரும் பெண் பிள்ளைகளுக்கு எந்த ஊசியும் உதவாது. மூன்று மணிக்கொரு முறை போகவிட வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், மலச்சிக்கலைத் தீர்க்க வேண்டும். ஆசிரியர்களே, அனுமதி கேட்டால் தட்டாதீர்கள்.

காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. ஆண் குழந்தைக்குச் சிறுநீர் பீச்சாமல் சொட்டுச் சொட்டாக வந்தால் அன்றே வாருங்கள். உள்ளே வால்வு போன்ற சவ்வு தடுக்கலாம். அதையும் குழாய் வழியே நீக்கலாம், வெளியே தையல் இராது. ஆறு மாதமாகியும் விதை பைக்குள் இறங்கவில்லை என்றால், ஒரு வயதை ஒட்டி அறுவைதான். அதற்குக் களிம்பு கிடையாது.